கார்டை மாற்றுவதற்கு முன்னால் அறையின் சூட்டைப் பாருங்கள்

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு (கேமின் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் கார்டு) வாங்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: குடியாத்தத்தில் மாடி அறையில் கம்ப்யூட்டர், ஐ5 12400 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 12 ஜிபி, ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று, பக்கத்தில் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று. கேம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் திக்கித் திக்கி வருகிறது. அந்த நேரத்தில் இரண்டாவது மானிட்டரில் யூடியூப் போட்டால் அதுவும் விட்டுவிட்டு வருகிறது. சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் வேறு குறைகிறது. கடைக்காரர் "கார்டு பத்தல, 4060 போட்டுடுங்க" என்கிறார், அப்பாவிடம் முப்பதாயிரம் கேட்க உங்களுக்குத் தயக்கம்.

கேட்காதீர்கள். கார்டு பத்தவில்லை என்றால் முதல் நிமிடத்திலிருந்தே பத்தாது. கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் சோர்கிறது என்றால் அந்தக் கால் மணி நேரத்தில் என்னவோ மாறுகிறது, அது என்ன என்று பார்ப்பதுதான் வேலை. இன்னொன்று, அடுத்த தலைமுறைக் கார்டான 4060 உங்கள் 3060ஐ விட 1080பி-யில் (ஃபுல் எச்டி திரையில்) ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வேகம் அதிகம், அதோடு 12 ஜிபி மெமரியிலிருந்து 8 ஜிபிக்கு இறங்குகிறீர்கள். அதற்கு முப்பதாயிரம் என்பது எனக்கு ஒப்பவில்லை. 4060-இன் ஒரே பெரிய நன்மை, 170 வாட்டுக்குப் பதில் 115 வாட்தான் இழுக்கும், அதனால் சூடு குறைவு. யோசித்துப் பாருங்கள், கடைக்காரர் சொன்னபடி கார்டை மாற்றினால் கொஞ்சம் சரியாகவும் ஆகலாம், ஆனால் சரியானதற்குக் காரணம் சூடு குறைந்ததாக இருக்கும். அந்தச் சூட்டை நூறு இருநூறு ரூபாயில் குறைக்கலாம்.

முதலில் அளந்து பார்க்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும், கூடவே ரிவாட்யூனர் என்று ஒன்று இன்ஸ்டால் ஆகும், அதுதான் கேம் ஓடும்போது திரையின் மூலையில் எண்களைக் காட்டுவது. எல்லாவற்றையும் டிக் செய்து திரையை நிரப்பிக்கொள்ளாதீர்கள். கார்டின் டெம்பரேச்சர், கார்டின் கிளாக் (அது ஓடும் வேகம்), கார்டின் யூஸேஜ் சதவீதம், பிராசசர் டெம்பரேச்சர், ரேம் யூஸேஜ், ஃப்ரேம் டைம் (ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு படம், வர எடுக்கும் நேரம்), இவை போதும். ஃப்ரேம் டைமை மட்டும் கிராஃபாக வையுங்கள். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்ணை நம்பாதீர்கள், அது சராசரி. ஒரு நொடியில் 100 ஃப்ரேம் வந்தாலும் அதில் ஒரே ஒரு ஃப்ரேம் 80 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் உங்கள் கண்ணுக்கு அது வெட்டு, எண்ணில் அது தெரியவே தெரியாது. 60 எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்டில் வர வேண்டும், 144க்கு 6.9 மில்லிசெகண்டில். நன்றாக ஓடும்போது அந்தக் கிராஃப் ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும், திக்கும்போது சீப்புப் பல் மாதிரி நிமிர்ந்து நிமிர்ந்து நிற்கும். எந்த நிமிடத்தில் பல் முளைக்கிறது, அப்போது மற்ற எண்கள் என்னவாக இருந்தன என்று பார்த்தால் பாதி வழக்கு முடிந்தது.

கார்டு யூஸேஜ் 97, 98, 99 என்று நின்று, டெம்பரேச்சர் எல்லைக்குள் இருந்து, கிளாக்கும் குறையாமல், எஃப்பிஎஸ் மட்டும் குறைவாக இருந்தால் கார்டு தன்னால் முடிந்ததைச் செய்கிறது என்று அர்த்தம், செட்டிங்ஸைக் குறைக்க வேண்டியதுதான். கார்டு யூஸேஜ் 60, 65 என்று தொங்கிக்கொண்டு கேம் திக்கினால் கார்டு சும்மா காத்திருக்கிறது, பிராசசரோ ரேமோ ஹார்ட் டிஸ்க்கோ அதற்கு வேலை கொடுக்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 45 சதவீதம்தான் காட்டுகிறது, அதனால் பிராசசர் குற்றவாளி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், பிராசசர் ஒரே நேரத்தில் வேலை ஓட்டும் 12 பாதைகளில் (த்ரெட்) ஒன்று முழுதாக நிரம்பி மற்றவை சும்மா இருந்தாலும் மொத்தக் கணக்கு அப்படித்தான் காட்டும். கார்டின் கிளாக் ஆரம்பத்தில் 1,900 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் இருந்து கால் மணி நேரத்தில் படிப்படியாக இறங்கினால், சூடு.

உங்கள் விஷயத்தில் நான் பந்தயம் கட்டுவது சூட்டின் மேல்தான், அதனால் அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வெளிநாட்டு விமர்சன வீடியோக்களில் 3060 கார்டு 65 டிகிரி, 70 டிகிரியில் ஓடுவதாகப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அறை 21, 22 டிகிரி. ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோக மடிப்புகள்) என்பது அறைக் காற்றை விட இத்தனை டிகிரி அதிகம் என்ற கணக்கில்தான் வேலை செய்யும், அறை பத்து டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று நம்ம வேலூர்ப் பக்கத்தைக் கிண்டல் செய்வார்களே, அந்த மரமில்லாத மலைதான் இங்கே விஷயம். பகலெல்லாம் வெயில் குடித்த பாறையும் மொட்டை மாடி கான்கிரீட்டும் ராத்திரி பத்து மணி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். கத்திரி வெயிலில் வெளியே 40ஐத் தாண்டும் ஊரில், மேல்தளத்து அறையில் ராத்திரி எட்டு மணிக்கு 36, 37 டிகிரி இருப்பது சாதாரணம். இப்போது கூட்டிப் பாருங்கள்: அங்கே 68 காட்டிய கார்டு இங்கே 83ஐத் தொடும். 3060க்கு உச்ச வரம்பு 93 டிகிரிதான், ஆனால் 83 வாக்கிலேயே கார்டு தன் கிளாக்கைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆரம்பித்துவிடும். இத்தனையும் கேபினெட் சுத்தமாக, காற்றோட்டமாக இருந்தால். கம்ப்யூட்டர் டேபிளில் கேபினெட் வைக்க ஒரு அறை மாதிரி தட்டு செய்திருப்பார்களே, மூன்று பக்கம் பலகை, பின்னால் சுவர், அதற்குள் தள்ளி வைத்திருந்தீர்கள் என்றால் கேபினெட் தான் வெளியே விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. அதே கேமின் அதே இடத்தை விடியற்காலை ஐந்தரைக்கு அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள், மத்தியானம் மூன்று மணிக்கும் அதையே ஆடிப் பாருங்கள். காலையில் திக்கவில்லை, மத்தியானம் திக்குகிறது என்றால் கார்டும் பிராசசரும் குற்றமற்றவை. அடுத்தது, கேபினெட்டைத் தட்டிலிருந்து வெளியே எடுத்து, பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை ஓடவிட்டு ஆடுங்கள். எட்டு பத்து டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் பிரச்சினை என்று ஊர்ஜிதம். அதற்காகக் கேபினெட்டை அப்படியே திறந்து வைத்துவிடாதீர்கள், நம்ம ஊர்ப் புழுதிக்கு ஒரு மாதத்தில் உள்ளே போர்வை போர்த்திவிடும். ஏர் கூலர் வைத்திருந்தால் அதன் ஈரக்காற்றை நேராகக் கேபினெட் பக்கம் திருப்ப வேண்டாம், அறையை அது குளிர்வித்தால் போதும்.

சுத்தம் செய்வதில் ஒரு இடத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள். கேபினெட்டைத் திறந்து மேலாகத் துடைத்துவிட்டு "க்ளீன் பண்ணிட்டேன்" என்பார்கள். பிராசசர் மேல் இருக்கும் ஃபேனின் இறக்கைகளுக்கு இடையில் மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஃபேனுக்கும் அலுமினிய மடிப்புகளுக்கும் நடுவில், வெளியிலிருந்து தெரியாத இடத்தில், தூசி கம்பளித் துணி கணக்காகப் படிந்திருக்கும். ஃபேன் சுற்றும், சத்தமும் போடும், காற்று மட்டும் கீழே இறங்காது. கார்டிலும் அதே கதைதான், அதன் ஃபேன் கீழ்ப்பக்கம் பார்த்து இருப்பதால் தலையைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஹேண்ட் புளோயரால் அடியுங்கள். அடிக்கும்போது ஒவ்வொரு ஃபேனையும் ஒரு ஐஸ்குச்சியால் சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும். ஈரத்துணி உள்ளே போகவே கூடாது.

பிராசசரோடு வந்த கூலரைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் நான்கு மூலைகளிலும் ஒரு பிளாஸ்டிக் ஆணி இருக்கும், மதர்போர்டுக்குள் அழுத்தி மாட்டுவது. நான்கில் ஒன்று சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்பது ரொம்ப சகஜம், கூலரை லேசாக ஆட்டினாலே தெரியும். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் பிராசசர் கேமிலேயே 95ஐத் தாண்டும். 12400க்கு வரம்பு 100 டிகிரி, அங்கே போய் முட்டினால் தானாக வேகத்தைக் குறைக்கும். கூலரைக் கழற்றினால், பிராசசரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை முழுதாகத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ என்று இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் தெர்மல் த்ராட்டிலிங் (சூட்டால் வேகம் குறைவது) என்ற வரியில் "யெஸ்" வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பக்கத்திலேயே பவர் லிமிட் என்ற வரியும் இருக்கும், விலை குறைந்த மதர்போர்டுகளில் பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதிக்கு மேல் ஹீட்சிங்க்கே இருக்காது, அது சூடானால் பிராசசர் 70 டிகிரியில் இருந்தாலும் வேகம் குறையும்.

சுத்தம் செய்த பிறகும் மே மாதத்தில் 80ஐத் தாண்டினால் ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இழுத்துவிடுங்கள். 170 வாட் கார்டு 136 வாட்டில் ஓடும், இழப்பது சில ஃப்ரேம்கள்தான், ஃபேன் சத்தமும் குறையும். இதை ஏதோ கார்டை முடக்குவது மாதிரி பயப்படுகிறார்கள், கார்டுக்கு இது நல்லதுதான். முன்பக்கம் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்கவும் பின்பக்கம் ஒன்று வெளியே தள்ளவும் இருக்க வேண்டும், முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருந்தால் எத்தனை ஆர்ஜிபி ஃபேன் போட்டாலும் அது விளக்கு அலங்காரம்தான்.

அடுத்தது உங்கள் ரேம். ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம், ஏனென்றால் அதே விலையில் இரண்டு 8 ஜிபி போட்டிருக்கலாம். இரண்டு ஸ்டிக் இருந்தால் பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவில் இரண்டு பாதை, ஒன்று இருந்தால் ஒரு பாதை. சராசரி எஃப்பிஎஸ்ஸில் இது கொஞ்சமாகத் தெரியும், ஆனால் கூட்டமான இடம், வேகமாகத் திரும்பும் இடம் என்று வரும்போது திக்கல் அதிகமாவது இதனால்தான். அதே கம்பெனி, அதே வேகத்தில் இன்னொரு 16 ஜிபி வாங்கிப் போட்டுவிடுங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும். போட்ட பிறகு பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) போய் எக்ஸ்எம்பி (ரேமை அட்டையில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங்) என்பதை ஆன் செய்யுங்கள். 3200 என்று அட்டையில் போட்டிருக்கும் டிடிஆர்4 ரேம் எக்ஸ்எம்பி இல்லாமல் 2133லோ 2666லோ ஓடிக்கொண்டிருக்கலாம், டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகம் எழுதியிருக்கும், இப்போதே பாருங்கள். கேம் ஓடும்போது க்ரோமில் முப்பது டேப், டிஸ்கார்ட், லாஞ்சர்கள் என்று திறந்து வைத்து ரேம் 95 சதவீதத்துக்குப் போனால் விண்டோஸ் டிஸ்க்கைத் துணைக்கு இழுக்கும், கேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அவ்வளவுதான். கேம் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். ரேம் க்ளீனர், கேம் பூஸ்டர் என்று ஏதாவது போட்டிருந்தால் தூக்கி எறியுங்கள், அவையே ஒரு பாரம்.

மானிட்டர் விஷயம் சின்னது, ஆனால் பார்க்காமல் விடக் கூடாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாதக்கணக்கில் 60லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எக்கச்சக்கம். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போனால் ரெஃப்ரெஷ் ரேட் இருக்கும், 144க்கு மாற்றுங்கள். பட்டியலில் 144 வரவே இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள், டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதையே மாட்டுங்கள். உங்கள் பிராசசரிலேயே சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் இருப்பதால் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டினாலும் படம் வரும், அதனால் தப்பு தெரியாது. கேம் மானிட்டரின் கேபிள் கீழே படுக்கைவசமாக இருக்கும் கார்டில்தான் இருக்க வேண்டும்.

இப்போது யூடியூப். கேம் கார்டை 99 சதவீதம் பிடித்துக்கொண்டிருந்தால் பிரவுசர் வீடியோவைத் திரையில் வரைவதற்குக் கேட்கும் துளி நேரம்கூடக் கிடைக்காது, வீடியோவை விரித்துப் படமாக்கும் (டிகோட் செய்யும்) பகுதி கார்டில் தனியாக இருந்தும்கூட. என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்று இருக்கிறது, அதை 140க்கு வையுங்கள், அந்த அளவை எட்டாத கனமான கேம் என்றால் 90க்கோ 75க்கோ. கார்டு யூஸேஜ் 85, 90க்கு இறங்கினாலே வீடியோ வெண்ணெயாக ஓடும், சூடும் குறையும், ஃப்ரேம் டைமும் சீராகும். எனக்குக் கேட்டால் எல்லாரும் முதலில் செய்ய வேண்டியது இந்த ஒரு செட்டிங்தான்.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் அந்தப் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரின் கேபிளை மட்டும் மதர்போர்டில் மாட்டுங்கள். பயாஸில் ஐஜிபியு (பிராசசரிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ்) மல்டி மானிட்டர் என்பதை ஆன் செய்ய வேண்டியிருக்கும். அப்புறம் விண்டோஸில் டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் க்ரோமைச் சேர்த்து பவர் சேவிங் என்று கொடுத்துவிட்டால் வீடியோ முழுக்க பிராசசரின் கிராஃபிக்ஸ் பார்த்துக்கொள்ளும், யூடியூப் இப்போது அனுப்பும் ஏவி1 என்ற வகை வீடியோவையும் அது ஹார்டுவேரிலேயே டிகோட் செய்யும். வேலை செய்கிறதா என்று பார்க்க வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திறங்கள், ட்ராப்டு ஃப்ரேம்ஸ் எண்ணிக்கை ஏறாமல் நிற்க வேண்டும். கேம் ஓடாதபோதும் அது ஏறினால் க்ரோம் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வோல்டேஜ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வோல்டேஜ் குறைந்தால் எஃப்பிஎஸ் குறையாது. நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றித் தரும் பெட்டி) 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் உள்ளே அதே 12 வோல்ட்தான் தரும். வோல்டேஜ் பிரச்சினை என்றால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும், அணைந்துவிடும், திக்காது. ஆனால் சுற்றுவழியில் ஒரு சம்பந்தம் உண்டு, சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் சீலிங் ஃபேன் சோம்பலாகச் சுற்றும், ஏசி கட் ஆகும், அறை சூடாகும், மறுபடி பழைய கதை. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் மட்டும் அதன் லேபிளைப் பாருங்கள், 3060க்கு 550 வாட் என்பது என்விடியாவே சொல்லும் அளவு. திரை திடீரென்று கறுத்து கார்டு ஃபேன் மட்டும் முழு வேகத்தில் அலறினால் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், கேம் ஆடும்போது கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைத்தால் அதுவே லாபம்.

டிரைவரை (விண்டோஸ் கார்டோடு பேச உதவும் மென்பொருள்) கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், எல்லாரும் அதைத்தான் முதலில் தொடுகிறார்கள். கால் மணி நேரம் கழித்து வரும் பிரச்சினைக்கு டிரைவர் காரணமாக இருப்பது குறைவு. ஒரு அப்டேட்டுக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைப் போட்டு இருப்பதைத் துப்புரவாக எடுத்துவிட்டு, இன்டர்நெட்டைத் துண்டித்து வைத்து, முந்தைய டிரைவரைப் போடுங்கள். புது கேமை முதன்முறை திறக்கும்போது வரும் திக்கல் வேறு, அது ஷேடர் (காட்சியை எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் சின்ன நிரல்) கம்பைல் ஆவது, அதே இடத்தை இரண்டாம் முறை கடந்தால் போய்விடும்.

சுத்தம் செய்துவிட்டு, ஃப்ரேம் ரேட்டைக் கட்டிவிட்டு, ரேம் போடுவதற்கு முன் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை, ஆட்டம் ஆரம்பித்து முப்பதாவது நிமிடத்தில் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், அறையில் தெர்மாமீட்டர் இருந்தால் அந்த எண்ணையும். கார்டின் ஸ்க்ரூ மேல் வாரண்டி ஸ்டிக்கர் இருக்கும், அதை நீங்களும் பிரிக்காதீர்கள், கடையிலும் பிரிக்க விடாதீர்கள். கார்டுக்குள் பேஸ்ட் மாற்றுவது வாரண்டி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.